அண்ணி வீட்டுப் புகைப்பட அட்டை

ஜப்பான் கடலோரத்தில் இருக்கும் எங்கள் யோனாகோவில் புத்தாண்டு காலையில் தபால்காரர் வந்துபோகும்வரை யாருக்கும் வேறு வேலை ஓடாது. ரப்பர் வளையம் போட்ட அட்டைக் கட்டு பெட்டியில் விழுந்ததும் எடுத்துவந்து, போர்வை மூடிய சூட்டு மேசைக்கடியில் காலை நீட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்ப்போம். பாதிக்கு மேல் கடையில் வாங்கிய அட்டைகள்தான். சிவப்புச் சூரியன், அந்த ஆண்டுக்குரிய விலங்கு, கீழே நாலு நல்ல வார்த்தை. அவற்றையெல்லாம் தள்ளிவிட்டு எல்லோரும் தேடுவது ஒன்றைத்தான். "யோரிகோ வீட்டு அட்டை வந்துச்சா? எங்களுக்கு இன்னும் வரல" என்று போன் போட்டே கேட்பவர்கள் உண்டு.

யோரிகோ என் அண்ணன் கென்சாகுவின் மனைவி. என் பெயர் தொமோயே. ரயில் நிலையத்துக்குப் பின்னால் பெண்களுக்கு முடி திருத்தும் கடை வைத்திருக்கிறேன். நாத்தனார் அண்ணியைப் புகழ்கிறாள் என்றால் அதில் ஏதோ உள்குத்து இருக்கும் என்று நினைப்பீர்கள். எனக்கு யாரையும் சும்மா புகழ்ந்து பழக்கமில்லை. கடைக்கு வருகிறவர்களிடம்கூட முடி கொட்டுகிறது என்றால் கொட்டுகிறது என்றே சொல்லிவிடுவேன். அதனால் பாதிப்பேர் வேறு கடைக்குப் போனார்கள், மீதிப்பேர் நம்பி வருகிறார்கள்.

அண்ணி மலைப்பக்கத்துக்காரி. இரு வீட்டாரும் சந்தித்துக்கொண்ட அன்று ஓட்டலில் என் அண்ணன் வாயைத் திறக்கவே இல்லை. தேநீர்க் கோப்பைக்குள் எதையோ தொலைத்தவன்போல் குனிந்தே இருந்தான். அவனுக்கும் சேர்த்து அண்ணியே பேசினாள். "இவருக்கு மீன் பிடிக்கும், சத்தம் பிடிக்காது, சரிதானே?" என்று அவள் கேட்க, இவன் தலையாட்டினான். கல்யாணம் அப்படித்தான் முடிவானது, அவர்கள் குடித்தனமும் இன்றுவரை அப்படித்தான் நடக்கிறது. அண்ணன் துறைமுகத்து மீன் ஏலக் கூடத்தில் அலுவலக வேலை பார்த்தான். அண்ணி பள்ளிச் சமையலறையில் துடுப்பு அளவு கரண்டியால் குழம்பு கிண்டினாள். அவள் கையைப் பார்த்தால் தெரியும், பாட்டில் மூடி திறக்க அவளுக்கு யாரும் தேவையில்லை.

மகள் சிஹாரு பிறந்த ஆண்டு போட்டோக் கடையில் கொடுத்துத்தான் முதல் அட்டையை அடித்தார்கள். கடைக்காரர் எடுத்த படங்களில் மூன்று பேரும் விறைத்துக்கொண்டு நிற்கும் படத்தை அவரே தேர்ந்தெடுத்து அச்சடித்துக் கொடுத்துவிட்டார். அண்ணி அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு. ஆனா இதுல எங்க வீட்டு ஆள் யாருமே இல்லையே" என்றாள்.

பின்னால் கடைத்தெருவின் ஆண்டிறுதிக் குலுக்கலில் அவளுக்கு ஒரு பிரிண்டர் விழுந்தது. அவள் ஆசைப்பட்டது முதல் பரிசான வெந்நீர் ஊற்றுப் பயணத்துக்கு. அதனால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வரும்போது முகம் தொங்கிப்போயிருந்தது. அன்றைக்கே அதைப் பிரித்து மாட்டி, கேமராவைச் சொருகி, அண்ணன் மேசையில் தலைவைத்துத் தூங்கும் படத்தை அடித்துப் பார்த்தாள். அவ்வளவுதான், வெந்நீர் ஊற்று மறந்துபோனது.

அதன் பிறகு அவள் வீட்டு அட்டை ஒவ்வொன்றும் ஒரு கூத்து. பாம்பு ஆண்டில் மூவரும் ஒரே பச்சை விரிப்புக்குள் வரிசையாகப் படுத்து, தலைப்பக்கத்தில் பூனை அசுகியை உட்காரவைத்து எடுத்தார்கள். கோழி ஆண்டில் அண்ணன் தலையில் சமையலறைச் சிவப்பு ரப்பர் கையுறை கொண்டையாக நின்றது. வெளியில் பேசக் கூச்சப்படுகிற மனிதன் இதற்கெல்லாம் எப்படி ஒத்துக்கொண்டான் என்று கேட்டால், "உன் அண்ணி சொன்னா" என்பான். மேற்கொண்டு அவனிடம் எதையும் வாங்க முடியாது.

அழகான படத்தை அண்ணி ஒருநாளும் எடுக்கமாட்டாள். எடுத்ததில் யாராவது கண்ணை மூடியிருக்க வேண்டும், யாராவது வாயைத் திறந்து திட்டிக்கொண்டிருக்க வேண்டும். "அதுலதான் ஆள் இருக்கு" என்பாள். பழைய பள்ளிச் சாப்பாட்டுப் பட்டியல் தாளின் பின்பக்கத்தில் முதலில் அடித்துப் பார்ப்பாள். சரியாக டிசம்பரில்தான் நீல இங்க் தீரும், ஊரிலுள்ள கடைகளிலும் அது மட்டும் இருக்காது. ஒரு வருடம் எல்லோரும் ஆரஞ்சு நிறத்தில் வந்தோம். அப்படியே அனுப்பிவிட்டு ஓரத்தில், "இது ஆரஞ்சுப் பருவம்" என்று எழுதிவிட்டாள்.

அச்சடித்த அட்டைகளைப் பாய் முழுக்கப் பரப்பிக் காயவைப்பாள். இடம் போதாமல் துணிக்கொடியிலும் கவ்வி போட்டுத் தொங்கவிடுவாள். அந்த நாட்களில் அந்த வீட்டில் நடக்கவேண்டுமென்றால் கொக்குபோல் கால் தூக்கித்தான் நடக்கவேண்டும். அசுகி மட்டும் யாரையும் கேட்காமல் நடக்கும். அது மிதித்த அட்டை எனக்குத்தான் வந்தது. நாத்தனாருக்கு இது போதும் என்று நினைத்தாளோ என்னவோ. ஓரத்தில், "அசுகியும் கையெழுத்துப் போட்டிருக்கிறாள்" என்று எழுதியிருந்தது. அந்த அட்டையை நான் கடைக் கண்ணாடியில் செருகி வைத்திருக்கிறேன்.

கையால் அந்த ஒரு வரி எழுதாமல் அவள் வீட்டிலிருந்து எந்த அட்டையும் போகாது. எல்லோருக்கும் ஒரே வரி எழுதுகிற ஆளும் அல்ல. முழங்கால் வலிக்காரருக்கு, "மாடியை மறந்துடுங்க, கீழேயே இருங்க." மகன் வெளியூர் போன வீட்டுக்கு, "சாயங்காலம் எங்க வீட்டுப் பக்கம் வாங்க." எழுத்து கோழி கிளறியதுபோல் இருக்கும். ஆனால் படித்தவர்களுக்கு அது தங்களுக்காகவே எழுதியது என்று தெரியும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வீட்டுக்குத்தான் அந்தக் கோடையில் சிஹாரு திரும்பி வந்தாள். ஒசாகாவில் கல்யாணமாகி இருந்தவள். புருஷனோடு சண்டைகூடப் போடவில்லையாம். சண்டை போடுகிற அளவுக்குக்கூடப் பேச்சில்லாமல் போய்விட்டது என்று மட்டும் சொன்னாள். விவாகரத்துக் காகிதத்தில் முத்திரை குத்திக் கொடுத்துவிட்டு வந்து, மாடி அறையில் இருந்துகொண்டாள். கடைக்கு வா, முடியாவது வெட்டிவிடுகிறேன் என்று கூப்பிட்டேன். வரவில்லை.

எங்கள் பக்கம் விவாகரத்தை யாரும் யாரிடமும் சொல்வதில்லை. புத்தாண்டு அட்டைதான் சொல்லும். அட்டை கைக்கு வந்ததும் முதலில் தலைகளைப் பார்ப்போம். ஒரு தலை கூடியிருந்தால் குழந்தை, அல்லது மருமகன் என்று சிரித்துக்கொள்வோம். இருக்கவேண்டிய தலை இல்லையென்றால், கட்டிக்கொடுத்த பெண் திரும்பப் பிறந்த வீட்டு அட்டையில் இருந்தால், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு அட்டையைக் கட்டுக்கு அடியில் வைத்துவிடுவோம். எப்போதும் முகங்களை அனுப்புகிற வீட்டிலிருந்து திடீரென்று மலைப் படம் வந்தால், அங்கே ஏதோ நடந்திருக்கிறது என்று ஊரே புரிந்துகொள்ளும். கேட்கத்தான் மாட்டோம்.

நவம்பர் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அண்ணன் வீட்டில் ஆரஞ்சு உரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வரப்போவது எலி ஆண்டு. அண்ணி சாம்பல் நிறத் துணியில் மூன்று ஜோடி எலிக் காது தைத்து மடியில் வைத்திருந்தாள்.

"வெயில் இருக்கறப்பவே எடுத்துடலாம். சிஹாரு, உனக்கு இது. பெரிய காது உங்க அப்பாவுக்கு."

"அம்மா, என்னை விட்ருங்க. நான் வேணா எடுத்துக் குடுக்கறேன்" என்றாள் சிஹாரு.

அண்ணன் செய்தித்தாளை இறக்கவில்லை. அதற்குப் பின்னாலிருந்து, "இந்த வருஷம் டைசென் மலைப் படம் போட்டா என்ன? பனி மூடி நல்லாத்தானே இருக்கு" என்றான்.

"மலை நம்ம வீட்டுலயா இருக்கு? அதுக்கா நான் தினம் சோறு போடறேன்?"

"எல்லாரும் போடறாங்க."

"போடறவங்க போடட்டும். மூணு பேர் இருக்கற வீட்டுல மூணு மூஞ்சி வரணும்."

சிஹாரு எழுந்து மாடிக்குப் போய்விட்டாள். படியில் அவள் காலடிச் சத்தம்கூடக் கேட்கவில்லை. அந்த வீட்டில் அவள் அப்படித்தான் நடந்துகொண்டிருந்தாள், விருந்தாளி மாதிரி.

"அவசரப்படுத்தாதீங்க அண்ணி" என்றேன்.

"அவசரம் இல்ல தொமோ. இந்த வருஷம் இவளை மறைச்சுட்டா அடுத்த வருஷம் எப்படிக் காட்டறது? மறைச்சது மறைச்சதாவே போயிடும். அப்புறம் இவளே தன்னை மறைச்சுக்க ஆரம்பிச்சுடுவா. இப்பவே பாதி ஆரம்பிச்சாச்சு."

என் அண்ணன் கெட்டவன் இல்லை. கூச்சம்தான் அவனைப் பிடித்த நோய். சிஹாருவின் கல்யாணத்துக்கு ஏலக் கூடத்து ஆட்கள் அத்தனை பேரையும் அழைத்து, வாழ்நாளில் முதல் தடவையாக எழுந்து நின்று பேசியிருந்தான். பேசியதில் பாதி அழுகை. அதே ஆட்கள் புத்தாண்டு காலையில் அட்டையைப் பார்த்து முகத்தோடு முகம் பார்த்துக்கொள்வதை அவனால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. தனக்காகவும் முடியவில்லை, மகளுக்காகவும் முடியவில்லை. அதற்கு அவன் கண்டுபிடித்த வழி இருக்கிறதே, வேறு எந்த ஊரிலும் எவனுக்கும் தோன்றாது.

வீட்டில் சாவு விழுந்த ஆண்டில் எங்களில் யாரும் புத்தாண்டு அட்டை அனுப்பமாட்டோம். டிசம்பர் தொடக்கத்திலேயே, "துக்கத்தில் இருக்கிறோம், வாழ்த்து அனுப்ப இயலாது" என்று சாம்பல் நிறப் பூப்போட்ட அட்டை ஒன்றை எல்லோருக்கும் போட்டுவிடுவோம். அவர்களும் அந்த வீட்டுக்கு வாழ்த்து அனுப்பமாட்டார்கள். பெற்றோர், உடன்பிறந்தவர், புருஷன் பெண்டாட்டி, பிள்ளை என்று நெருக்கமானவர்கள் போனால்தான் இது. தூரத்தில் இருக்கிற சித்தப்பா பெரியப்பாவுக்கெல்லாம் கிடையாது.

வடகோடி ஹொக்காய்டோவில் இருந்த எங்கள் சித்தப்பா ஒருவர் அந்த வசந்தத்தில் காலமானார். அண்ணன் அவரைக் கண்ணால் பார்த்ததே சின்ன வயதில்தான். அண்ணி பள்ளிக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து, அவளுடைய கம்ப்யூட்டரில் அவள் சேர்த்து வைத்திருந்த அத்தனை முகவரிக்கும், அவளுடைய பிரிண்டரிலேயே துக்க அட்டை அடித்து, அன்றைக்கே தபாலில் போட்டுவிட்டான். யார் போனது என்று எழுதுவதற்கு அவனுக்கே வெட்கமாக இருந்திருக்கும். "நெருங்கிய உறவினர் ஒருவரின் மறைவை முன்னிட்டு" என்று மட்டும் போட்டுவிட்டான்.

எனக்கு விஷயம் தெரிந்தது கடையில்தான். அஷிதானி அம்மாளுக்குத் தலையை ஈரமாக்கிச் சீப்பை எடுத்தபோது அவர் கண்ணாடி வழியாகவே எனக்குத் தலைவணங்கினார்.

"தொமோயே, உங்க அண்ணன் வீட்டுல துக்கமாமே. உனக்கும் எவ்வளவு கஷ்டமா இருக்கும்."

"எங்க வீட்டுலயா? யாரு?"

"அதைத்தான் போடலையே. நெருங்கிய உறவினர்னு இருந்தது." அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உங்க அண்ணி கடையில மீன் வாங்கறதைப் பார்த்தேன். அண்ணனும் சைக்கிள்ல போறாரு. அப்ப ஒசாகாவுல இருந்த பொண்ணு... ரொம்ப நாளா சத்தமே இல்லையே. சின்ன வயசு."

அவள் உயிரோடு மாடியில்தான் இருக்கிறாள் என்றால் ஏன் வந்தாள் என்ற கேள்வி வரும், அதற்குப் பதில் சொல்லவேண்டியவள் நான் இல்லை. ஈரத் தலையோடு அவரை விட்டுவிட்டு ஓடவும் முடியாது. எப்படியோ வெட்டி முடித்து, கடையைச் சாத்திவிட்டு அண்ணன் வீட்டுக்கு ஓடினேன்.

அண்ணி அப்போதுதான் வேலை முடிந்து வந்து ஏப்ரனைக்கூடக் கழற்றவில்லை. நான் நேராக அண்ணன் முன்னால் போய் நின்றேன். "யாருண்ணா செத்தது?"

"ஹொக்காய்டோ சித்தப்பா" என்றான், மேசையைப் பார்த்து.

"அவரு சாவுக்கு நீ போகவே இல்ல. ஒரு பூ வாங்கி அனுப்பல. இப்ப என்ன திடீர் துக்கம்?"

"துக்கம் துக்கம்தானே."

அண்ணி மிச்சம் இருந்த துக்க அட்டை ஒன்றை அலமாரிக்குப் பின்னாலிருந்து கண்டுபிடித்து வெளிச்சத்தில் பிடித்தாள். கத்தப் போகிறாள் என்று நினைத்தேன். "தாளை ஒழுங்கா வெக்காம சாய்ஞ்சு வேற அடிச்சிருக்காரு" என்றாள். அவ்வளவு கோபத்தில் அவளை நான் பார்த்ததில்லை.

அந்த நேரம் பார்த்து வாசல் மணி அடித்தது. மாடியிலிருந்து சிஹாருதான் இறங்கிவந்து திறந்தாள். கறுப்பு உடையில், கையில் ஊதுபத்திப் பெட்டியோடு மொரிவாகி டீச்சர் நின்றார். சிஹாருவுக்குப் பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுத்தவர். சிஹாருவைப் பார்த்ததும் அவர் வாய் திறந்தபடி நின்றது. பிறகு பெட்டியை அப்படியே கீழே வைத்துவிட்டு அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"நீ இருக்கியாம்மா. இருக்கியா. நான் ராத்திரியெல்லாம் தூங்கல."

அண்ணிதான் வந்து, ஊதுபத்தியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "எங்க சித்தப்பாவுக்கு ஏத்தறோம் டீச்சர். உள்ள வாங்க, குளிருது" என்றாள். டீச்சர் வரவில்லை. திரும்பத் திரும்பத் தலைவணங்கிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டே போனார்.

கதவு மூடியதும் சிஹாரு அந்தச் சாம்பல் அட்டையை மேசையிலிருந்து எடுத்துப் படித்தாள். அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"நான் திரும்பி வந்ததைவிட, நான் செத்துட்டேன்னு ஊர் நெனைக்கறது அப்பாவுக்கு வசதியா இருக்கு போல."

"அப்படி இல்லம்மா. நாலு பேர் நாலு கேள்வி கேப்பாங்க. அதை நீ தாங்கமாட்டேன்னுதான்" என்றான் அண்ணன்.

"தாங்கமாட்டேன்னு யாரு சொன்னா? என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?" அவள் கத்தவில்லை, அதனாலேயே கேட்கத் தாங்கவில்லை. "ஹிரோஷிமாவுல என் தோழி இருக்கா. வேலையும் கிடைக்கும்ங்கறா. ஜனவரியில போயிடறேன். அப்புறம் நீங்க நிம்மதியா மலைப் படம் போட்டுக்கலாம்."

அண்ணி அவளைத் தடுக்கவில்லை. சூட்டு மேசையில் உட்கார்ந்து அந்தக் கோணல் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: "துக்கம்னு சொல்லியாச்சு, இனி புத்தாண்டு அட்டை அனுப்ப முடியாது. ஆனா துக்க வீட்டுக்காரங்க அப்புறமா குளிர்கால அட்டை அனுப்பலாம்ல."

அந்த வழக்கம் உண்டு. புத்தாண்டுக்கு வாசலில் வைத்த பைன் கிளை அலங்காரத்தை ஊரில் எடுத்த பிறகு, குளிர் குறைவதற்குள், நலம் விசாரித்து ஓர் அட்டை. பெரும்பாலும் ஒரு பூ, ஒரு பனிக்கிளை, அவ்வளவுதான் போடுவார்கள். அதில் குடும்பப் போட்டோ போட்டதை நான் பார்த்ததில்லை.

"சிஹாரு, போறதா இருந்தா போ. ஆனா ஒரு போட்டோவுக்கு நின்னுட்டுப் போ. நீ உயிரோட இருக்கறது எல்லாருக்கும் தெரியணும். இல்லேன்னா என்னால தெருவுல நடக்க முடியாது."

சிஹாரு மாடிப்படியில் ஒரு கால் வைத்துவிட்டு நின்றாள். மாட்டேன் என்று சொல்லவில்லை.

"நான் வரல" என்றான் அண்ணன்.

"சரி, வராதீங்க. நெருங்கிய உறவினர் போயிட்டாருன்னு நீங்கதான் அட்டை போட்டிருக்கீங்க. இப்ப நாங்க ரெண்டு பேர் மட்டும் நிக்கற படம் போகும். போனது யாருன்னு ஊர் தானா புரிஞ்சுக்கும். ஏலக் கூடத்துக்காரங்க மலர்வளையத்தோட வந்தா நீங்களே வாங்கி வெச்சுக்குங்க."

நான் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பை அடக்கினேன். எந்த நாத்தனாரும் தன் அண்ணன் இப்படி வசமாக மாட்டிக்கொண்டு அடிவாங்குவதைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்டிருக்கமாட்டாள்.

அந்தப் புத்தாண்டு காலையில் அண்ணன் பழக்க தோஷத்தில் தபால் பெட்டிக்குப் போனான். உள்ளே பல் மருத்துவர் அனுப்பிய நினைவூட்டு அட்டை மட்டும் கிடந்தது. அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டு அவன் வாசலில் நின்றதை எதிர் வீட்டிலிருந்து பார்த்தவர் என் கடையில் வந்து சொன்னார்.

ஊரெல்லாம் பைன் அலங்காரத்தை எடுத்த மறுநாள் என்னைப் படம் எடுக்க வரச்சொன்னாள் அண்ணி. லேசாகப் பனி விழுந்துகொண்டிருந்தது. வாசலில் அண்ணி நின்றாள், அவளுக்குப் பின்னால் ஒதுங்கினாற்போல் சிஹாரு. எலிக் காதெல்லாம் இல்லை, வெறும் வீட்டு உடைதான். நான் கேமராவைத் தூக்கியபோது கதவு திறந்தது. அண்ணன் தண்ணீர் தொட்டுத் தலை வாரி, கல்யாணத்துக்குப் போட்ட கோட்டும் டையுமாக வந்து நின்றான்.

"உயிரோட இருக்கறவங்க கொஞ்சம் சிரிக்கலாம்ண்ணா" என்றேன். அவன் பல்லைக் காட்டினான். அது சிரிப்பு இல்லை.

எடுத்ததை அண்ணி வாங்கிக் கேமராவின் சின்னத் திரையில் பார்த்தாள். சிஹாருவின் முகம் பாதிதான் தெரிந்தது. மறுபடி எடுத்தேன். இப்போது அம்மாவின் தோளுக்குப் பின்னால் ஒரு கண்ணும் காதும். மறுபடி. அண்ணி ஒவ்வொரு தடவையும் பார்த்துவிட்டுத் திரும்பப் போய் நின்றாள், அவ்வளவுதான். மூன்று பேர் தலையிலும் பனி வெள்ளையாகச் சேர்ந்துகொண்டே போனது. என் விரல் மரத்துப்போனது. எனக்குத்தான் பொறுமை போய்விட்டது, ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

அதற்குள் அண்ணன் நகர்ந்தான். சிஹாருவின் முழங்கையைப் பிடித்து மெதுவாக இழுத்து, தனக்கும் அண்ணிக்கும் முன்னால் நிறுத்தினான்.

"நீ முன்னாடி நில்லு. எங்க மூஞ்சியைத்தான் தினம் பாக்கறாங்களே. அவங்க தேடறது உன்னை."

அவள் திரும்பி அவனைப் பார்த்தாள்.

"மறைக்கறதா நெனைச்சேன் சிஹாரு. புதைச்சுட்டேன். டீச்சர் அழுததைப் பார்த்தப்பறம் எனக்குச் சோறு இறங்கல" என்றான். என் அண்ணன் ஒருசேர இவ்வளவு பேசி நான் கேட்டது அது இரண்டாவது தடவை.

"தலையைத் தட்டி விடுங்க, அவ தலையெல்லாம் பனி" என்று அண்ணி அதட்டினாள். அவன் கை மகள் தலைமேல் இருக்கும்போது நான் அழுத்தினேன். அண்ணியின் வாய் திறந்திருந்தது. அண்ணன் கேமராவைப் பார்க்கவே இல்லை. சிஹாருவின் கண்கள் மூடி, கன்னம் ஈரமாக இருந்தது. அண்ணி எந்தப் படத்தைத் தேர்ந்தெடுத்தாள் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

வாங்கி வைத்திருந்த புத்தாண்டு அட்டைகளைத் தபால் நிலையத்தில் கொடுத்துச் சாதா அட்டையாக மாற்றிக்கொண்டு வந்தாள். சாப்பாட்டுப் பட்டியலின் பின்பக்கத்தில் அடித்துப் பார்த்தபோது பனி நீலமாக வந்தது. அதைச் சரிசெய்ய ஒரு சாயங்காலம் முழுக்க மல்லுக்கு நின்றாள். பிறகு அண்ணன் பிரிண்டருக்குப் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து தாள் கொடுத்தான். ஒவ்வொன்றையும் தட்டி, ஓரம் பார்த்து, நேராக. படத்துக்குக் கீழே, "கடுங்குளிர். நீங்கள் நலமா? நாங்கள் மூவரும் நலம்" என்று இருந்தது. அதற்கடியில் மூன்று பெயர்கள்.

காய்ந்த அட்டைகளைச் சேர்த்துக் கட்டி அண்ணி சிஹாருவின் முன்னால் வைத்தாள். பேனாவையும் வைத்தாள். "இந்தத் தடவை அந்த ஒரு வரியை நீ எழுது."

"என்ன எழுதறது?"

"அதை என்னைக் கேட்டா? ஊருக்கு நீ என்ன சொல்லணுமோ அதை."

சிஹாரு பேனாவின் மூடியைக் கழற்றி எழுத ஆரம்பித்தாள். எட்டிப் பார்த்தேன். எல்லா அட்டையிலும் ஒரே சொல். 'வந்துட்டேன்.' வேலைக்குப் போனவர், பள்ளிக்குப் போன பிள்ளை, கடையைச் சாத்திவிட்டு வருகிற நான், யாராக இருந்தாலும் கதவைத் திறந்ததும் உள்ளே பார்த்துச் சொல்கிற சொல் அது. உள்ளே இருப்பவர், 'வா' என்று பதில் கொடுப்பார். கோடையில் வந்த அன்று அவள் அதைச் சொல்லாமலே செருப்பைக் கழற்றினாள் என்று அண்ணி சமையலறையில் வைத்து எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள். சொல்லிவிட்டு வேகமாக முள்ளங்கி நறுக்கினாள்.

புத்தாண்டு அட்டை என்றால் கட்டோடு கட்டாகப் போயிருக்கும், ஒரு பார்வை பார்த்து வைத்திருப்பார்கள். இது ஒன்றுமில்லாத ஜனவரி நாளில், தனியாக, ஒவ்வொரு வீட்டுப் பெட்டியிலும் விழுந்தது. ஊரே அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து பார்த்தது. என் கடைக்கு வந்த அஷிதானி அம்மாள் கைப்பையிலிருந்து எடுத்துக் காட்டி, "உங்க அண்ணன் அழறாரா சிரிக்கறாரா?" என்று கேட்டார். அவனுக்கே தெரியாது என்றேன்.

குளிர்கால அட்டைக்குப் பதில் போடவேண்டும் என்று கட்டாயமில்லை. ஆனாலும் வந்தன. நான் அண்ணன் வீட்டில் இருந்த ஒரு மத்தியானம் தபால்காரரின் வண்டிச் சத்தம் கேட்டதும் அண்ணன்தான் முதலில் எழுந்து போனான். சிஹாரு மேசையில் உட்கார்ந்து ஹிரோஷிமாத் தோழிக்கு, இப்போதைக்கு வரவில்லை என்று போனில் தட்டிக்கொண்டிருந்தாள். அண்ணன் வாசலில் நின்றபடியே ஒவ்வொரு அட்டையிலும் பெயரைப் பார்த்தான். மொரிவாகி டீச்சர், அஷிதானி அம்மாள், ஏலக் கூடத்து ஆட்கள். எல்லோரும் ஏறக்குறைய ஒரே பதிலைத்தான் எழுதியிருந்தார்கள். 'வா', 'வந்தியா, வா', 'வாம்மா'. வீட்டுத் தலைவன் பெயருக்கு அனுப்புவதுதான் வழக்கம். அவர்களோ ஒருவர் பாக்கியில்லாமல் சிஹாருவின் பெயரைத்தான் எழுதியிருந்தார்கள், கல்யாணத்தில் அவள் விட்டுப்போன பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரோடு சேர்த்து.

அவன் உள்ளே வந்து முழுவதையும் அவள் கையில் வைத்தான்.

"எல்லாம் உனக்குத்தான். எனக்கு ஒண்ணுகூட இல்ல."

"உங்களுக்கு எப்படி வரும்?" என்று அடுப்படியிலிருந்து கேட்டாள் அண்ணி. "நீங்கதான் துக்கத்துல இருக்கீங்களே."

சிஹாரு சிரித்தாள். அட்டைகள் மடியிலிருந்து சரிந்து பாயில் விழ விழ, வாயைக்கூட மூடிக்கொள்ளாமல், அந்த வீட்டுப் பெண்ணாகச் சத்தம்போட்டுச் சிரித்தாள்.